தலைவலித் தைலம் வந்த வழி



நம் கூட்டமைப்பின் சிறப்பு மலருக்கு ஒவ்வொரு தொழில் குழுவும் தன் தொழிலின் வரலாற்றை எழுதித் தர வேண்டும் என்று பொதுக்குழுவில் முடிவானது. பால் குழுவும் தையல் குழுவும் எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் தைலக் குழுவில் தீர்மான நோட்டு எழுதுகிறவள் நான் என்பதால் இந்த வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். சமாச்சாரமே தலையைப் பற்றியதுதானே என்று ஏற்றுக்கொண்டேன். பயிற்சிக்கு வந்த சித்த மருத்துவர் அம்மா சொல்லிக் கொடுத்ததும், நூலகத்தில் உட்கார்ந்து படித்ததும், பதினோரு வருஷமாக அடுப்படியில் நின்று பார்த்ததும் இதில் கலந்திருக்கிறது.

நாங்கள் காய்ச்சுவது தலைக்குத் தேய்க்கிற மூலிகை எண்ணெய். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் முடிக்காக வாங்குகிறார்கள். மீதிப் பேர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "ஏம்மா, இது தலைவலிக்குக் கேக்குமா?"

கேட்கும் என்றும் சொல்லலாம், கேட்காது என்றும் சொல்லலாம். ஏன் அப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயரைப் பாருங்கள். எள் + நெய், அதுதான் எண்ணெய். இன்றைக்குக் கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், ஏன் மண்ணெண்ணெய் என்றுகூடச் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது எள்ளிலிருந்து வந்தது மட்டும்தான் எண்ணெய். வடமொழியிலும் இதே கதைதான். திலம் என்றால் எள், அதிலிருந்து வந்தது தைலம். இரண்டு மொழிக்காரர்களும் எள்ளைத்தான் முதலில் செக்கில் போட்டிருக்கிறார்கள் போலும். நல்லெண்ணெயை மருந்துக்கு எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதில் இயல்பாகவே எண்ணெயைக் கெடாமல் காக்கிற பொருள்கள் இருக்கின்றன. செசமின், செசமால் என்று இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள். மற்ற எண்ணெய் சிக்கு வாடை அடிக்க ஆரம்பித்த பிறகும் நல்லெண்ணெய் நிற்கும். காய்ச்சி வைத்து மாதக்கணக்கில் பயன்படுத்துகிற தைலத்துக்கு அதுதானே வேண்டும்!

ஆயுர்வேதப் பழைய நூல்களில் தலைவலிக்கென்று தனி இடமே உண்டு. சரகர் நூல் தலைநோயை 5 வகையாகப் பிரிக்கிறது, சுஸ்ருதர் நூல் 11 வகை சொல்கிறது. அதில் அர்த்தாவபேதகம் என்பது பாதித் தலையைப் பிளப்பது. நாம் ஒற்றைத் தலைவலி என்கிறோமே, அதேதான். சூரியாவர்த்தம் என்று ஒன்று. பொழுது ஏற ஏற வலி ஏறும், உச்சிக்கு வந்து, பொழுது சாயச் சாய இறங்கும். சளி அடைத்துப் புருவத்துக்கு மேலே வலி வருகிறவர்களுக்கு இது உடனே புரியும். சங்ககம் என்பது நெற்றிப் பொட்டில் வருவது. அது மூன்றே நாளில் ஆளைக் கொண்டுபோய்விடும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் கடைசி வகையை நான் முக்கியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லாத் தலைவலியும் ஒன்று, எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய் என்று அந்த வைத்தியர்கள் நினைக்கவில்லை. எதற்குக் கை வைக்கலாம், எதற்குப் பயப்பட வேண்டும் என்று பிரித்து வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவினை நடுவில் எங்கேயோ தொலைந்துபோய், 'தலைவலியா, தைலம் தேய்' என்று ஆகிவிட்டது.

வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயம், சுமார் 7-ஆம் நூற்றாண்டு நூல் என்கிறார்கள். அதில் தலைக்கு எண்ணெய் வைப்பதில் நாலு முறை வருகிறது. கையால் தேய்ப்பது, தாரையாக ஊற்றுவது, பஞ்சில் நனைத்து உச்சியில் வைப்பது, தலையைச் சுற்றித் தோல் பட்டை கட்டி அதற்குள் எண்ணெயைத் தேக்கி வைப்பது. ஒன்றைவிட அடுத்தது பலம் கூடியது என்பது அவர்கள் கணக்கு. இன்றைக்குக் கேரளத்தில் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்கிற தாரை சிகிச்சை இந்த இரண்டாவது முறைதான். நம் வீட்டில் அம்மா காலுக்கு நடுவில் உட்காரவைத்து, உச்சியில் ஒரு கை எண்ணெய் வைத்துத் தட்டித் தேய்த்துவிட்டது முதல் முறை. அதற்குக் கட்டணம் கிடையாது, "ஆடாம உக்காருடி" என்று தலையில் ஒரு குட்டுதான்.

செவ்வாய், வெள்ளி பெண்களுக்கு. புதன், சனி ஆண்களுக்கு. இந்த எண்ணெய் முழுக்கு வழக்கம் நம் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத வீட்டிலும் இருந்தது. நூல்களை எழுதினவர்கள் ஆண்கள். ஆனால் பொன்னாங்கண்ணியைப் பறித்து, இடித்து, சாறு பிழிந்து, புகையில் கண் கலங்க நின்று காய்ச்சியவள் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். அவள் பெயர் எந்த ஏட்டிலும் கிடையாது.

இனி அடுப்புக்கு வருவோம். இந்தப் பகுதியைத்தான் நான் ரசித்து எழுதப்போகிறேன், மன்னிக்கவும்.

சார்ங்கதர சம்ஹிதை என்ற நூல் தைலத்துக்குப் பொதுவான அளவு ஒன்று தருகிறது. அரைத்த விழுது 1 பங்கு, எண்ணெய் 4 பங்கு, சாறோ கஷாயமோ 16 பங்கு. நாங்களும் அப்படித்தான் போடுகிறோம். 4 லிட்டர் நல்லெண்ணெய்க்குக் கரிசலாங்கண்ணியும் பொன்னாங்கண்ணியும் சேர்ந்து 16 லிட்டர் சாறு. வெட்டிவேர், கருஞ்சீரகம் அரைத்த விழுது ஒரு கிலோ. புதிதாகச் சேர்ந்த பெண்கள், "இவ்வளவு சாத்தையும் எண்ணெய் குடிச்சிருமாக்கா?" என்று கேட்பார்கள். குடிக்காது. தண்ணீர் ஆவியாகப் போய்விடும். செடியில் எண்ணெயில் கரையக்கூடியது எதுவோ அது மட்டும் எண்ணெய்க்கு வரும். பச்சை நிறம் வருவது அப்படித்தான். தண்ணீரில் மட்டும் கரைகிற சத்து பெரும்பாலும் அடியில் நிற்கிற சக்கையோடு போய்விடும். மூலிகைச் சாறு முழுக்க எண்ணெய்க்குள் இறங்கிவிட்டது என்று விளம்பரத்தில் சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம் ஏன் அவ்வளவு சாறு? சாறு கொதிக்கிற வரைக்கும் சட்டிக்குள் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் இருக்கிறவரை அதற்கு மேல் அதிகம் ஏற விடாது. மூலிகை கருகாமல் மணிக்கணக்கில் எண்ணெயோடு உறவாட முடிவது அதனால்தான். தண்ணீர் வற்றின அந்த நிமிஷத்திலிருந்து சூடு சரசரவென்று ஏறும். அந்தக் கடைசிப் பத்து நிமிஷம் அடுப்பை விட்டு யாரும் நகரக் கூடாது என்பது எங்கள் குழுவில் சட்டம். போன் வந்தாலும் எடுக்கக் கூடாது. நெய் காய்ச்சினால் முடிவில் நுரை அடங்கும், எண்ணெய் காய்ச்சினால் முடிவில் நுரை எழும். பழைய நூலிலும் இது இருக்கிறது, எங்கள் சட்டியிலும் தினம் நடக்கிறது. அடியில் நிற்கிற கசடை எடுத்து விரலில் உருட்டினால் மெழுகு மாதிரி திரண்டு வர வேண்டும். பஞ்சுத் திரியில் தோய்த்துக் கொளுத்தினால் சடசடவென்று வெடிக்காமல் எரிய வேண்டும். வெடித்தால் தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், அந்த எண்ணெய் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். வெப்பமானி வருவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்னால், ஒரு திரியை வைத்து ஈரப்பதம் பார்த்திருக்கிறார்கள்!

பச்சைக் கற்பூரத்தைச் சட்டியை இறக்கி ஆறின பிறகுதான் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் வாசனையோடு காசும் காற்றில் போய்விடும்.

இப்போது நடுவில் நுழைந்த ஒரு வெளிநாட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீலகிரித் தைலம் என்றதும் நம் பாட்டி காலத்து மருந்து, ரிஷிகள் காலத்து மருந்து என்று நினைத்துக்கொள்கிறோம். யூகலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1843 வாக்கில்தான் நீலகிரியில் நட்டார்கள். மலையில் விறகுக்கு வந்த மரம், நாளடைவில் நம் மூக்கடைப்புக்கு மருந்தாகிவிட்டது. அதே போல 1893-ல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் என்ற ஆந்திரக்காரர் பம்பாயில் அமிர்தாஞ்சன் தொடங்கினார். பிற்பாடு சென்னைக்கு வந்தது. அந்த மஞ்சள் டப்பா தலைவலித் தைலம் என்றாலே அதுதான் என்று ஆக்கிவிட்டது. அதற்கு முன் தலைவலிக்கு எண்ணெய் என்றால் சட்டியில் காய்ச்சுவது, நாள் பார்த்து முழுகுவது. அதற்குப் பின் விரல் நுனியில் தொட்டு நெற்றியில் தடவுவது. வேலைக்குப் போகிற மனிதனுக்கு எண்ணெய் முழுக்குக்கு நேரம் ஏது?

இந்த டப்பாத் தைலங்களில் வேலை செய்வது பெரும்பாலும் மெந்தால். நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். ஊசி ஊசியாகக் கண்ணாடி மாதிரி இருக்கும். புதினா உப்பு, ஓம உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றையும் ஒரு பாட்டிலில் போட்டுக் குலுக்கினால் தண்ணீர் ஊற்றாமலே தண்ணீராகிவிடும். பயிற்சியில் இதைச் செய்து காட்டியபோது மந்திரம் மாதிரி எல்லோரும் வாயைப் பிளந்தோம். தனித்தனியாக இருந்தால் உருகுவதற்குச் சூடு வேண்டும், ஒன்றாகச் சேர்ந்தால் அறைச் சூட்டிலேயே உருகிவிடும். அவ்வளவுதான் மந்திரம்.

மெந்தால் பட்டால் ஜில்லென்று இருக்கிறதே, உண்மையில் நெற்றி குளிர்ந்துவிட்டதா? இல்லை. நம் தோல் நரம்புகளில் குளிரை உணர்கிற வாசல் ஒன்று இருக்கிறது. குளிர் பட்டால் அது திறக்கும். மெந்தால் பட்டாலும் அதே வாசல் திறந்துகொள்ளும், குளிர் வந்துவிட்டது என்று மூளைக்குச் சேதி போகும். இந்த வாசலைக் கண்டுபிடித்து வெளியிட்டது 2002-ல்தான். மிளகாய் அரைத்த கை எரிகிறதே, அதற்குச் சூட்டை உணர்கிற வாசல் வேறு. அதை 1997-ல் கண்டுபிடித்தார்கள். இந்த ஆராய்ச்சிகளுக்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் என்ற இருவருக்கும் 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. பாட்டி சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டாளே, அந்த எரிச்சலும் சூட்டு வாசல் விவகாரம்தான்.

தேய்ப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. முழங்கை இடித்துக்கொண்டால் யாரும் சொல்லித்தராமலே தேய்த்துவிடுகிறோம், வலி குறைகிறது. தொடுகிற உணர்வும் வலியும் தண்டுவடத்தில் ஒரே கதவு வழியாகப் போகப் பார்க்கின்றன, தொடு உணர்வு நிறைய வந்தால் வலிக்குக் கதவு சாத்திக்கொள்கிறது என்று 1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர் சொன்னார்கள். தலையில் வெதுவெதுப்பான எண்ணெயை வைத்துக் கழுத்து, பிடரி, நெற்றிப் பொட்டு என்று அமுக்கித் தேய்த்தால், நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டு, குடம் தூக்கி, தையல் மிஷினில் கழுத்தைத் தொங்கப்போட்டு இறுகின தசை தளரும். எண்ணெய் கைக்கு வழுக்கல் தருகிறது. மூளைக்குள் இறங்கி அது குளிர்ச்சி தருவதில்லை. தோலின் மேல் அடுக்கைத் தாண்டி எண்ணெய் போவதே கஷ்டம், அதற்குக் கீழே மண்டையோடு இருக்கிறது. இதைச் சொன்னால் எங்கள் குழுவிலேயே சிலருக்குக் கோபம் வருகிறது. ஆனால் உள்ளே இறங்காவிட்டாலும் இதம் உண்டு, தூக்கம் வருகிறது. அது பொய்யில்லை.

1996-ல் ஜெர்மனியில் ஒரு சோதனை செய்தார்கள். இறுக்கத் தலைவலி உள்ள 41 பேர். சாராயத்தில் 10 சதவீதம் புதினா எண்ணெய் கலந்து நெற்றியில் தடவிப் பார்த்தார்கள், பாராசிட்டமால் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. நமக்கு நல்ல செய்திதான். ஆனால் அது இறுக்கத் தலைவலிக்கு மட்டும். ஒற்றைத் தலைவலிக்கு அல்ல, ரத்தக் கொதிப்புக்கு அல்ல.

மறுபடி வரலாற்றுக்கு வருகிறேன். 1902-ல் பி.எஸ். வாரியர் கோட்டக்கலில் ஆரிய வைத்தியசாலை தொடங்கினார். வைத்தியர் சொல்ல, நோயாளி வீட்டில் காய்ச்சிக்கொண்ட கஷாயமும் தைலமும் தயாராகப் பாட்டிலில் கிடைக்க ஆரம்பித்தன. 1921-ல் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் நாட்டு வைத்தியம் பற்றி ஒரு குழு போட்டது. சித்தா, ஆயுர்வேதம், யூனானி படிப்புக்கு அரசுப் பள்ளி வந்தது அதன் பிறகுதான். 1944-ல் வைத்தியர்களே பங்கு போட்டுச் சேர்ந்து சென்னையில் இம்காப்ஸ் என்ற கூட்டுறவு மருந்தகம் ஆரம்பித்தார்கள். சந்தா கட்டிச் சேர்ந்து தொழில் செய்கிற நமக்கு ஒருவகையில் மூத்தவர்கள். 1964-ல் மருந்துச் சட்டத்தைத் திருத்தி, ஆயுர்வேத, சித்த, யூனானி மருந்து செய்து விற்கவும் உரிமம் வேண்டும் என்று கொண்டுவந்தார்கள்.

அந்தச் சட்டத்தால்தான் எங்கள் குழுவில் இரண்டு மாதம் சண்டை நடந்தது.

நாங்கள் வாங்கியிருப்பது அழகு சாதனப் பொருளுக்கான உரிமம். 'கூந்தல் தைலம்' என்று போடலாம். நோய் தீரும் என்று போட்டால் அது மருந்து, அதற்கு உரிமம் வேறு. நாலு வருஷத்துக்கு முன் வெளியூரிலிருந்து ஒரு மொத்த வியாபாரி வந்தார். மாதம் 500 பாட்டில் எடுத்துக்கொள்கிறேன் என்றார். பாட்டிலுக்குச் செலவு போக 40 ரூபாய் நிற்கும். மாதம் 20,000, பன்னிரண்டு பேருக்கு. ஒரே நிபந்தனை. லேபிளில் 'எப்பேர்ப்பட்ட தலைவலியும் பறந்து போகும்' என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். "டப்பாத் தைலத்துல எல்லாம் போடலியா?" என்று ஒருத்தி கேட்டாள். அவர்களிடம் மருந்து உரிமம் இருக்கிறது என்றேன். "நம்மகிட்ட யாரு வந்து பாக்கப் போறா?" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. எங்கள் உறுப்பினர் ஒருவரின் மருமகளுக்கு எட்டாம் மாதம். நாலு நாளாகத் தலைவலி. மாமியார் எங்கள் எண்ணெயைச் சூடு பண்ணி, ராத்திரி பகல் பார்க்காமல் தேய்த்துவிட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பெற்ற மகளுக்குச் செய்வதுபோலத்தான் செய்தார். ஐந்தாம் நாள் வேறு வேலையாக அந்தத் தெருவுக்கு வந்த கிராம சுகாதார நர்ஸம்மா பெண்ணின் காலைப் பார்த்தார். வீங்கியிருந்தது. "கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி இருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். பி.பி. 160-க்கு 110. உடனே 108-க்குப் போன் போட்டு, பெரியாஸ்பத்திரியில் அன்று ராத்திரியே ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார்களாம். அந்தப் பிள்ளை இப்போது அங்கன்வாடிக்குப் போகிறது.

அடுத்த கூட்டத்தில் ஓட்டு எடுத்தோம். அந்த வாசகத்தைப் போடுவதில்லை என்பதற்கு எட்டுப் பேர், எதிராக நாலு பேர். வியாபாரி போய்விட்டார். எதிர்த்தவர்களில் ஒருத்தி இன்றுவரைக்கும் "அந்த ஆர்டரை விட்டிருக்கக் கூடாது" என்றுதான் சொல்கிறாள். அவள் வீட்டுக் கடன் நிலவரம் எனக்குத் தெரியும். அவள் பேச்சில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது பாட்டிலோடு ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கிறோம். அந்த மாமியார்தான் அதை மடித்து ரப்பர் பேண்டு போடுகிறார். அதில் இருப்பது இவ்வளவுதான். வேலை அசதி, கழுத்து இறுக்கம், தூக்கமின்மையால் வரும் தலைக்கனத்துக்கு வெதுவெதுப்பாகத் தேய்த்துக் கொள்ளலாம். மாசமாக இருக்கிற பெண்ணுக்குத் தலைவலியோடு கால் வீக்கமோ கண் மங்கலோ இருந்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். திடீரென்று இடி விழுந்த மாதிரி வந்த வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, ஒரு கை கால் மரத்துப்போனது, தலையில் அடிபட்ட பிறகு வந்த வலி, இதற்கெல்லாம் ஆஸ்பத்திரி. தினமும் சாயங்காலம் தலைவலி என்றால் கண்ணையும் ரத்தத்தையும் சோதியுங்கள். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்தாலும் தலை வலிக்கும், எண்ணெய் ரத்தம் ஊற்றாது. மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டால் அந்த மாத்திரையே தலைவலி கொண்டுவரும். கைக்குழந்தை மூக்கில் எந்த எண்ணெயும் விடக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். கற்பூரம் கலந்த தைலத்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரும்.

சீட்டைப் பார்த்து வாங்காமல் போனவர்களும் உண்டு. சீட்டைப் படித்துவிட்டு மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், கொதிப்பு இருந்தது தெரிந்தது என்று வந்து சொன்ன பெண் ஒருத்தியும் உண்டு. அவள் அன்றைக்கு இரண்டு பாட்டில் வாங்கிப் போனாள்.

மருந்து உரிமமே வாங்கிவிடலாம் என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். தனிக் கட்டடம், தகுதியான மருத்துவர் மேற்பார்வை, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பதிவேடு எல்லாம் வேண்டும். பதிவேடு எங்களுக்குப் பழக்கம்தான். கட்டடத்துக்குத்தான் வழி இல்லை. கூட்டமைப்புக் கட்டடத்தின் பின்பக்க அறை இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் அதைக் கேட்டு மனு கொடுக்கிறோம். வருகிறவர்கள் கை தூக்குங்கள்.